அப்பாவின் பச்சை ஃபைல்

அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே மிலிட்டரிக்காரர்தான். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். 1968இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் ட்ரெய்னிங் முடித்து, 1992இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். அந்த 24 வருடத்தில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் லீவில் வரும் அப்பாதான். மற்ற நாளெல்லாம் இன்லேண்ட் லெட்டர். அனுப்புநர் முகவரியில் ஊர் இருக்காது, '56 ஏபிஓ' என்றுதான் இருக்கும். அது ராணுவத் தபால் நிலையம் என்று தெரியாமல், ஏதோ ஓர் ஊர் என்று நினைத்து, பள்ளிக்கூட மேப்பில் தேடியிருக்கிறேன்.

ரிட்டயர் ஆகி வந்த மறுநாளே வாசல் தெளிப்பதை அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். நாலரைக்கு எழுந்து, காபி போட்டு, அம்மா கையில் டம்ளரைக் கொடுத்த பிறகுதான் ஷேவிங். ஆம்பளை வாசல் தெளிப்பதா என்று தெருவில் சிரித்தார்கள். "லங்கரில், பட்டாளச் சமையல்கட்டில், அண்டா தேய்த்த கை, இது என்ன பெரிய வேலை" என்பார்.

காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால் ஒரு பச்சை ஃபைல். மேலே 'நான் போன பிறகு' என்று அவர் கையெழுத்து. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய், சான்றிதழ் பத்து நகல் வாங்கு, பிபிஓ என்ற ஓய்வூதிய உத்தரவு பின்பக்கம் இருக்கிறது, குடும்ப ஓய்வூதியம் வர ஆரம்பித்ததும் நவம்பர் மாத வாழ்வுச் சான்றை மறக்காதே. உத்தரவு போட்ட மாதிரியே எழுதியிருக்கிறார். அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ராணுவப் பதிவிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, டிக் அடித்து, தேதியும் போட்டு வைத்திருந்தார்.

அவரோடு பழகியவர்கள் ஏதாவது எழுதுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

*

அக்கா, நான் பின் தெரு. இப்போது சர்வீஸில் இருக்கிறேன், லீவு கிடைக்காமல் வர முடியவில்லை.

ஆள் சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மார்க். தாத்தா பழைய சைக்கிளில் கூடவே வருவார், வாயில் விசில். வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டு புல்லப்ஸ் எண்ணுவார். தாடை கிளைக்கு மேலே போகாவிட்டால் அது கணக்கிலேயே சேராது. ஏழு எடுத்திருப்பேன், அவர் கணக்கில் நாலு!

முதல் முகாமில் ஓட்டத்திலேயே வெளியே வந்துவிட்டேன். திட்டுவார் என்று பயந்து இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை எங்கள் வாசலில் விசில் சத்தம். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான்.

*

என் வீட்டுக்காரரும் பட்டாளம்தான். கல்யாணம் ஆனதை பார்ட் டூ ஆர்டரில், அதாவது ராணுவப் பதிவுக்குப் போகும் உத்தரவில், ஏற்றாமலே விட்டுவிட்டார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஒருநாள் அவரும் போய்விட்டார். பதிவில் மனைவி என்று ஒருத்தியே இல்லை. எனக்கு எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்றும் தெரியாது.

அண்ணன்தான் மனு எழுதிக் கொடுத்தார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மூன்று முறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். டிக்கெட்டுக்குக் காசு நீட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அவனைத் திட்டாதே தங்கச்சி. நானும் ஆறு வருடம் கழித்துத்தான் ஏற்றினேன்."

அதற்கப்புறம் தெருவில் யார் லீவில் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பொண்டாட்டி பேர் ஏறிடுச்சா?"

*

நானும் அவனும் வெலிங்டனில் ஒரே பேட்ச். 1971 சண்டையைக் கேட்டால் குளிரைப் பற்றித்தான் பேசுவான், துப்பாக்கியைப் பற்றிப் பேச மாட்டான். 1987இல் இலங்கைக்குப் போனதைப் பற்றி அதுவும் கிடையாது. தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்றவன் அவன். அவன் பேசாததை நானும் எழுதப் போவதில்லை.

சம்பளம் வந்த அன்றே மணியார்டர் அனுப்பிவிடுவான். மிச்சத்தில் பீடிக்குக்கூடத் தேறாது, என்னிடம்தான் வாங்கிக் குடிப்பான். தங்கச்சியிடம் இதைச் சொல்லிவிடு மகளே, அவன் பீடி குடித்த விஷயம் தெரியாது என்று நினைக்கிறேன்.

*

மாமா, தெரியுமாம்! படித்ததும் அம்மா சிரித்துவிட்டாள். நாற்பது நாளில் இப்போதுதான்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் படிக்கவில்லை. ஃபைலின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 'காபியில் அரை ஸ்பூன் சர்க்கரைதான். டாக்டர் சொன்னதிலிருந்து அப்படித்தான் போடுகிறேன். ஒரு ஸ்பூன் என்றே உங்கம்மா நினைத்துக்கொண்டிருக்கட்டும்.'

அந்தத் தாள் நேற்றுதான் கண்ணில் பட்டது. நான் காபி போட்ட முதல் நாளே அம்மா கேட்டிருந்தாள், "என்னடி, இனிப்பு தூக்கலா இருக்கு?"