டிக்கோயா சொந்தங்கள் குழுவில் ஒரு பங்களாக் கதிரை

பெரியப்பா: (படம்)
பெரியப்பா: தேயிலைத் தோட்டத்துத் தொர பங்களா சாமான் ஏலத்துல எடுத்தது. கை எவ்வளவு நீளம் பாருங்க. தொரமாரு ரெண்டு காலையும் அதுமேல போட்டுட்டு சாஞ்சிருப்பாங்களே, அந்தக் கதிர.

குமார் (கொழும்பு): விறகுக்குத்தான் ஆகும் போல பெரியப்பா. மொரட்டுவயில புதுசு எடுத்து அனுப்பவா?

பெரியப்பா: வேணாம்பா. பெயின்ட்ட கொஞ்சம் சொரண்டிப் பாத்தேன். உள்ள பலா மரம்.

மல்லிகா அத்தை: அண்ணே, நம்ம அப்பா இதுல உக்காந்திருந்தா தொர என்ன செஞ்சிருப்பாரு?

பெரியப்பா: உக்கார்றதா? வாசல்ல நிக்கிறதுக்கே செருப்பக் கழட்டணும்.

செல்வி (கண்டி): அப்பா, பழைய பெயின்ட்டுல ஈயம் இருக்கலாம். காஞ்சபடி சாண்ட் பேப்பர் போடாதீங்க, தண்ணி தெளிச்சுத் தேயுங்க. மாஸ்க் கட்டாயம். வீட்டுக்குள்ள வேணவே வேணாம், சின்னது தவழுற எடம்.

பெரியப்பா: கொட்டகையிலதாம்மா. உடுப்பு மாத்திட்டுத்தான் உள்ள வாரேன்.

தினேஷ் (கத்தார்): பூச்சி அரிச்சிருக்கா மாமா?

பெரியப்பா: ஒரு கால்ல ஓட்டை இருக்கு. கீழ கறுப்புத் தாள் விரிச்சு வச்சுப் பாத்தேன். புதுசா மாவு கொட்டினா பூச்சி உசுரோட இருக்குன்னு அர்த்தம். ஒன்னும் கொட்டல.

குமார்: உக்கார்ற எடத்துப் பிரம்பு தொங்குதே, திரும்பப் பின்னுறதுக்கு ஆள் கெடைக்குமா?

பெரியப்பா: அறுந்திருந்தாத்தான் ஆள் தேடணும். இது தொய்வுதான். கவுத்துப் போட்டு அடிப்பக்கம் சுடுதண்ணித் துணி போட்டு வச்சேன். காயக் காய இறுகிக்கிச்சு.

செல்வி: பாலிஷ் எப்ப?

பெரியப்பா: அதுலதான் சிக்கல். பெயின்ட்டுக்கு அடியில இருந்த பழைய பூச்சுல ஸ்பிரிட் ஒரு சொட்டு வச்சேன், பிசுபிசுன்னு ஆச்சு. அப்ப அது அரக்குப் பாலிஷ். அதையேதான் போடணும். ஆனா இந்தப் பனிமூட்டத்துல போட்டா ஈரம் சிக்கி வெள்ளையாப் பூத்துரும். தை பொறந்து வெயில் வரட்டும்.

மல்லிகா அத்தை: அதுவரைக்கும் சும்மாவா இருப்பீங்க?

பெரியப்பா: ஏன் சும்மா? பழைய தேயிலைப் பெட்டி ரெண்டு கெடக்கு. தகர ஓரத்த அப்படியே விட்டுட்டு, படுக்க வச்சு உள்ள ஒரு தட்டு அடிச்சா புத்தக ராக்கை.

செல்வி: அத்தை, தேயிலை ஃபெக்டரி வேலைய விட்டு வந்ததுலருந்து அப்பாவுக்கு ராத்திரித் தூக்கமே இல்ல தெரியுமா? இப்ப தூங்குறாரு. டாக்டரும் மாத்திரையக் கொறைச்சிருக்காரு.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவுலதான் இருக்கேன்.

செல்வி: தெரியும். அதான் இங்கயே சொல்றேன்.

பெரியப்பா: பறிச்ச கொழுந்து பதமா வாடிருச்சான்னு பாக்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பின உடம்பும்மா. வேலைய விட்டப்புறமும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துரும். முழிச்சுக் கெடந்து யாரு என்ன சொன்னான், நான் என்ன சொல்லியிருக்கணும்னு மனசு ஓடும். தேய்க்கிறப்ப மரத்தோட ரேகைய மட்டுந்தான் பாக்கணும், குறுக்க இழுத்தா கீறல் விழும். வேற நெனப்புக்கு எடமில்ல. அம்புட்டுத்தான்.

தினேஷ்: மாமா, லீவுல வந்தா எனக்கும் ஒரு மூலை குடுங்க.

குமார்: பெரியப்பா, அப்பாவோட மேசை மொட்டை மாடியில மழையில கெடக்கு. பாப்பீங்களா?

பெரியப்பா: மழையிலயா? மொதல்ல உள்ள தூக்கு. வெயில்ல காய வைக்காத, வெடிச்சுரும். காத்துப்படுற நெழல்ல வை. அப்புறமா லொறியில போட்டு அனுப்பு.

பெரியம்மா: அனுப்பாத குமார். கொட்டகையில விறகு வைக்கவே எடமில்ல.

பெரியப்பா: அனுப்பு.