சின்ன மோட்டார் படகில் டிங்கியையும் அதன் மோட்டாரையும் எங்கே வைக்கிறீர்கள்? உங்கள் அனுபவங்கள்

ஆண்டிபட்டிக்காரன்:
வைகை அணையில் மாமாவோடு மீன்பிடிக்கப் போவேன். பதினெட்டு அடி பைபர் படகு, அதற்குள் சுருட்டி வைத்த ரப்பர் டிங்கி (காற்றடைத்து ஓட்டும் குட்டிப் படகு), டிங்கிக்கென்று 5 குதிரைத்திறன் போர் ஸ்ட்ரோக் மோட்டார். அணையின் முழு மட்டம் 71 அடி என்றாலும் தண்ணீர் இறங்கும் மாதங்களில் கரையோரம் முழுக்கக் கருவேலங்கட்டை தலைகாட்டும். அங்கே டிங்கி மட்டும்தான் போகும்.

அன்றைக்கு மதியத்துக்கு மேல் காற்று ஏறிவிட்டது. பெரிய என்ஜினின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. சரி, சின்ன மோட்டாரைத் தூக்கிப் பின்பலகையில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. மாமா பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்தார். பிளக் ஓட்டையிலிருந்து ஆயில் பீச்சியடித்து அவர் பனியன் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. ஐஸ் பெட்டியை நகர்த்தும்போது மோட்டார் புரண்டு வேறு பக்கமாகப் படுத்திருக்கிறது. ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. அத்தனை நேரமும் காற்று எங்களைப் பாறைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் துடுப்பால் தப்பித்தோம். இன்றைக்கும் கயிறு இறுகினால் எனக்குக் கை நடுங்குகிறது. நீங்கள் எல்லாம் எப்படி வைக்கிறீர்கள்?

திருநகர்வாசி:
மோட்டாரைப் படுக்கவே வைக்கக் கூடாது தம்பி. மண்டபத்தில் கூட்டாக ஒரு படகு வைத்திருக்கிறோம். மோட்டார் பின்பக்கக் கம்பியில் நிமிர்ந்து நிற்கும், எந்தத் தொல்லையும் இல்லை.

எனக்கு உறுத்துவது டிங்கிதான். காற்றடைத்தபடியே பின்பக்கம் இரும்புக் கைகளில் தொங்கவிட்டிருந்தோம். ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டியது. விடிந்து போய்ப் பார்த்தால் படகின் அணியம் (முன்முனை) வானத்தைப் பார்க்கிறது, பின்பக்கம் தண்ணீர் மட்டத்தைத் தொடுகிறது. டிங்கிக்குள் மழைத்தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழம் என்றாலே 250 கிலோ. தண்ணீர் வடிய டிங்கியின் அடியில் இருக்கும் தக்கையைத் திறந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கை ஏற்கெனவே வளைந்திருந்தது.

கீழவாசல் மெக்கானிக்:
திருநகர் அண்ணே, கம்பியில் மாட்டுவதுதான் வழி என்று முடித்துவிடாதீர்கள். உங்கள் படகு பெரிதாக இருக்கும். பதினெட்டு அடிப் படகில் 25 கிலோவை அவ்வளவு உயரத்தில், அதுவும் ஒரே பக்கமாக ஏற்றினால் நிற்கும்போதே சாய்வு தெரியும், அலையில் இன்னும் ஆடும். கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணி அதிர்வில் தளர்ந்துவிடும். ஒரு மோட்டார் அப்படியே கழன்று கடலுக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன். மூழ்கும்போது வெள்ளைக் கவர் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டே இருந்தது. மாட்டத்தான் வேண்டும் என்றால் கிளாம்பை இறுக்குவதோடு விடாமல் ஒரு சங்கிலியும் போடுங்கள்.

ஆண்டிபட்டித் தம்பி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். படகின் உட்பக்கத்தில், தரைக்குப் பக்கமாக, ஒரு கனமான பலகையை போல்ட் போட்டு இறுக்குங்கள். மோட்டாரை அதில் நிமிர்த்தி மாட்டுங்கள். எடை கீழேயே இருக்கும், புரளவும் புரளாது. படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் என்று மோட்டாரிலேயே குறி இருக்கும், கையேட்டிலும் படம் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் படுக்க வைக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் தனி ஆயில் தொட்டி இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் எதுவானாலும் தலைப்பகுதி புரொப்பல்லரைவிட உயரமாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில், தங்கிய தண்ணீர் மேலே ஏறும். கழற்றியதும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து வடியவிடுங்கள். கழற்றுவதற்கு முன்பே, மோட்டார் தண்ணீரில் இருக்கும்போது, பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து மோட்டார் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் தொட்டியில் விடாதீர்கள். உப்புத்தண்ணீரில் ஓடியது என்றால் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாமல் உள்ளே ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஒத்தக்கடை ரவுண்டானா:
டிங்கியைப் படகிலேயே விட்டால் வெயில் தின்றுவிடும் என்று வீட்டு மாடி அறைக்குக் கொண்டுவந்தேன். பிரித்துப் பார்த்தபோது எலி குட்டி போட்டிருந்தது. மடிப்பு மடிப்பாக ஓட்டை. ரப்பரை ஒட்டலாம்தான், தையல் ஓரத்தில் கடித்ததை ஒட்ட முடியவில்லை.

தெப்பக்குளம் கீழ்க்கரை:
அண்ணன்மார் எல்லாரும் எடையையும் ஆயிலையுமே பேசுகிறீர்கள். பெட்ரோலை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் அண்ணனுடைய சின்னப் படகில் முன்பக்கம் தாழ்ந்த அறை ஒன்று. மழைக்குப் பயந்து டிங்கி மோட்டாரை அதற்குள் வைத்திருந்தார்கள். தலையிலேயே தொட்டி உள்ள வகை. மூடியில் இருக்கும் காற்றுத் திருகை யாரோ மூடாமல் விட்டிருக்கிறார்கள். என் மகள் செருப்பை எடுக்கக் குனிந்தவள், "அம்மா, இங்கே பெட்ரோல் பங்க் வாசம்" என்றாள். நிமிர்ந்து நின்ற எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே தங்கும். அந்த நேரம் அண்ணன் கை சாவியில் இருந்தது. பேட்டரியும் அதே தரை மட்டத்தில். நான் போட்ட சத்தத்தில் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

தாழ்வான மூடிய இடத்துக்குள் மோட்டாரும் வேண்டாம், கேனும் வேண்டாம். மெக்கானிக் தம்பி சொன்ன பலகையும் திறந்த பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

கீழவாசல் மெக்கானிக்:
சரிதான் அக்கா. திறந்த பக்கம்தான், அதுவும் பேட்டரிக்கு எதிர்ப்புறம்.

ஆண்டிபட்டிக்காரன்:
மாமாவிடம் காட்டினேன். பலகைக்குச் சம்மதம். ஆனால் அந்த இடத்தில்தான் ஐஸ் பெட்டி இருக்கிறதாம், அதை அணியத்துக்கு நகர்த்தினால் முன்பக்கம் அமுங்குமா என்று கேட்கிறார். மெக்கானிக் அண்ணே, 40 கிலோ ஐஸ் வரும். என்ன சொல்கிறீர்கள்?