சேவைக் கட்டணம் கொடுத்த பிறகும் டிப்ஸ் வைக்க வேண்டுமா? பில்லை எப்படிப் பிரிப்பது?

கேள்வி (தரமணிவாசி):
சென்ற சனிக்கிழமை அலுவலக நண்பர்கள் ஆறு பேர் சென்னையில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். உணவின் விலை 4,800 ரூபாய். அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 480 ரூபாய். இரண்டையும் கூட்டி வந்த தொகைக்கு மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா 132 ரூபாய். ஆக மொத்தம் 5,544 ரூபாய். ஆளுக்கு 924 என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அப்படியே ஜிபேயில் அனுப்பிவிட்டோம். புரட்டாசி விரதத்தில் இருந்த நண்பர் ஒருவர் 350 ரூபாய்க்கு மட்டுமே சாப்பிட்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் முகம் சுண்டிவிட்டது. போதாக்குறைக்கு, சோம்புத் தட்டில் நான் 200 ரூபாய் வைத்தபோது, சேவைக் கட்டணம்தான் கொடுத்தாயிற்றே என்று இன்னொருவர் தடுத்தார். எது முறை?

பதில் 1 (கணக்குப்பிள்ளை):
சேவைக் கட்டணம் வரியன்று. அரசுக்குப் போவது ஜிஎஸ்டி மட்டுமே. பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே அதை நீக்கித் தருமாறு தாங்கள் தயங்காமல் கேட்டிருக்கலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நீக்கியிருந்தால் மொத்தம் 5,040 ரூபாய்தான்.

பிரிப்பதற்கு எளிய வழி, மொத்தத் தொகையை உணவின் விலையால் வகுப்பது. 5,544-ஐ 4,800-ஆல் வகுத்தால் 1.155 வரும். அவரவர் உண்டதன் விலையை அந்த எண்ணால் பெருக்கினால் வரியும் கட்டணமும் தாமாகவே உரிய பங்கில் ஏறிவிடும். பொதுவில் வாங்கிய பதார்த்தத்தை உண்டவர்களுக்குள் மட்டும் வகுத்துக்கொள்ள வேண்டும். விரத நண்பரின் பங்கு 404 ரூபாய். அவரிடம் 520 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள்.

பதில் 2 (பழைய சர்வர்):
கல்லூரிக் காலத்தில் ஈராண்டு உணவகத்தில் பரிமாறியவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் வேலை செய்த இடத்தில் சேவைக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட எங்கள் கைக்கு வந்ததில்லை. தட்டில் விழும் ரொக்கம் பொதுப் பெட்டிக்குப் போகும். இரவு கடை அடைத்த பின் மேசை துடைக்கும் பையன் உட்பட எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம். கியூஆர் அட்டையில் சேர்த்துச் செலுத்துகிற டிப்ஸோ முதலாளியின் கணக்குக்குத்தான் போனது. ஆகவே, கட்டணத்தை நீக்கச் சொல்லிவிட்டு, மனம் நிறைந்திருந்தால் ரொக்கமாகக் கையில் கொடுங்கள். மெஸ்ஸில் பத்து இருபது ரூபாய் போதும். நீங்கள் போனது போன்ற உணவகத்தில் வரிக்கு முந்தைய தொகையில் 5 முதல் 10 விழுக்காடு கொடுத்தால் கௌரவமாக இருக்கும்.

பதில் 3 (மயிலை மாமி):
பெருக்கல் கணக்கு வரிக்குச் சரி. டிப்ஸுக்குச் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தயிர் சாதம் உண்டவருக்கும் பிரியாணி உண்டவருக்கும் சர்வர் ஒரே நடைதான் நடந்தார், ஆகையால் டிப்ஸைத் தலைக்கு இவ்வளவு என்று வைப்பதே நியாயம். அதைவிட முக்கியமானது, குறைவாக உண்டவர் தாமாக வாய் திறந்து கேட்க மாட்டார் என்பது. பணம் வசூலிப்பவர்தான் முதலில் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

தரமணிவாசி:
அனைவருக்கும் நன்றி. மற்ற ஐவரும் ஆளுக்கு 104 ரூபாய் போட்டு அவருக்குத் திருப்பித் தருவதாக முடிவு செய்தோம். நால்வர் அனுப்பிவிட்டோம், ஐந்தாமவர், தாம் ஐஸ்கிரீமைத் தொடவே இல்லையே என்று புதுக் கணக்குக் கேட்கிறார். பில்லின் படம் கைவசம் இருப்பதால் இன்று மாலை உருப்படி வாரியாகப் பிரித்து அனுப்பவிருக்கிறேன்.