மூன்றாவது என்றால் எங்கிருந்து மூன்றாவது? ஆங்கில வரிசை எண்களிடம் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

தொடங்கியவர், லீட்ஸ், இங்கிலாந்து:

பத்து வருடங்களுக்கு முன் நடந்தது. அலுவலகத் தோழி ஒருவரின் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்த ஒன்பது வயதுப் பையனைக் காட்டி, "இவன் என் ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்" என்றார் தோழி. எனக்கு ஒரே மகிழ்ச்சி. நம் ‘ஒன்றுவிட்ட தம்பி’யை வெள்ளைக்காரர்களும் அப்படியே வைத்திருக்கிறார்களே! தோழிக்கு அப்போது 45 வயது. "உங்கள் சித்தப்பாவுக்கு இவ்வளவு தாமதமாகவா பிள்ளை பிறந்தது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மேசையில் ஒருவரும் பேசவில்லை. பையனின் அப்பா, அதாவது அந்தச் சித்தப்பாவின் மகன், எனக்கு எதிரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் விளக்கினார்கள். சித்தப்பா மகன் அவர்களுக்கு ஃபர்ஸ்ட் கசின். நாம் ‘ஒன்றுவிட்ட’ என்று சொல்வது அவரைத்தான். ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்றால் ஒரு தலைமுறை தள்ளி என்று பொருள். எனவே அது அவருடைய பிள்ளை. நம்முடைய ‘விட்ட’ பக்கவாட்டில் போகிறது. அவர்களுடையது மேலும் கீழுமாகப் போகிறது. தோழியின் மகளுக்கு இந்தப் பையன் செகண்ட் கசின். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் தோழி அவனுக்கு அத்தை, மகள் அவனுக்கு முறைப்பெண். அதை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் என்று வரும் சொற்களிடம் நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் எழுதுங்கள். அமெரிக்காவில் தரைத்தளம்தான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்று தெரியாமல் பெட்டியோடு ஒரு மாடி கூடுதலாக ஏறிய கதை எல்லோரிடமும் இருக்கும். அதைத் தவிர வேறு சொல்லுங்கள்.

செவிலியர், மதுரை:

தீக்காயப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். ஒருமுறை ஸ்டவ் வெடித்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். மருத்துவர் தன் உதவியாளரிடம் "தேர்ட் டிகிரி" என்று சொன்னது வெளியில் நின்ற அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அவர் என்னிடம் வந்து, "மூன்றாவதுதானே சிஸ்டர், முதல் இரண்டு அளவுக்கு மோசமில்லையே?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு என்று எண்ணிப் பழகிய மனது வேறு எப்படி நினைக்கும்?

தீக்காயத்தில் எண்ணிக்கை மேல்தோலிலிருந்து உள்ளே போகிறது. தோல் சிவந்து எரிந்தால் முதல் நிலை. கொப்புளம் கிளம்பினால் இரண்டாம் நிலை. தோலின் முழு ஆழமும் வெந்துபோவது மூன்றாம் நிலை. அந்த இடத்தில் நரம்பு முனைகளும் கருகிவிடுவதால் வலி தெரியாமல்கூட இருக்கும். அந்தப் பெண்ணும் "அங்கே வலிக்கவில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனை உட்காரவைத்து நான் சொன்னதும் அவர் முகம் மாறியது இன்றும் நினைவில் இருக்கிறது. அதன்பின் உறவினர்களிடம் எண்ணே சொல்லமாட்டேன். எவ்வளவு ஆழம், உடம்பில் எவ்வளவு பரப்பு என்றுதான் சொல்வேன்.

வழக்கறிஞர், கோவை:

சகோதரி சொன்னதற்கு நேர் தலைகீழ் எங்கள் துறையில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் ‘ஃபர்ஸ்ட் டிகிரி மர்டர்’ என்பதுதான் இருப்பதிலேயே கொடிய கொலை. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தது பெரும்பாலும் அதில் அடங்கும். கொலையை இப்படிப் படி பிரித்துவைத்தது முதலில் பென்சில்வேனியா மாநிலம், 1794-இல். எல்லாக் கொலைக்கும் மரண தண்டனை என்றிருந்ததைக் குறைக்கத்தான் அந்தப் பிரிவினை. நம் சட்டத்தில் இந்த எண் வரிசை கிடையாது.

என் இளையவர் ஒருவர் அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றைத் தமிழில் சுருக்கி எழுதியபோது ‘முதல் தரக் கொலை’ என்று போட்டுவிட்டார். படித்ததும் எனக்கு நெய்க்கடை விளம்பரம்தான் கண்ணில் வந்தது.

அதே ‘தேர்ட் டிகிரி’ காவல் நிலையத்தில் அடித்து விசாரிப்பதையும் குறிக்கிறது என்பதை யாரும் மறக்கவேண்டாம். ஒரே சொற்றொடர், மருத்துவமனையில் ஒரு பொருள், லாக்கப்பில் இன்னொரு பொருள்.

நாளிதழ் உதவி ஆசிரியர், சென்னை:

இரவுப் பணியில் வெளிநாட்டுச் செய்தி மொழிபெயர்ப்பவன் நான். பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை பற்றிய செய்தியில் "பதினோரு மணிக்கு உடன்பாடு ஏற்பட்டது" என்று எழுதியிருந்தார். மூலத்தில் நேரம் எதுவுமே இல்லை. ‘அட் தி இலெவன்த் அவர்’, அதாவது கடைசி நேரத்தில், என்று மட்டும் இருந்தது. "காலை பதினொன்றா, இரவு பதினொன்றா?" என்று கேட்டேன். "அதை அவர்கள் சொல்லவில்லை சார்" என்றார், மூலத்தின் மேல் பழிபோட்டு.

தமிழ்ப் பத்திரிகை உலகம் இந்த வரிசை எண்களோடு வெகுகாலம் மல்லுக்கட்டியிருக்கிறது. ‘ஐந்தாம் படை’ என்று மேடையில் முழங்குகிறோமே, அது ‘ஃபிஃப்த் காலம்’. 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், மாட்ரிட்டை நோக்கி நான்கு படைகள் வருகின்றன, ஐந்தாவது ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று தளபதி மோலா சொன்னதாகச் சொல்வார்கள். ‘காலம்’ என்றதும் தூண் என்றோ பத்திரிகைப் பத்தி என்றோ போடாமல் படை என்று மொழிபெயர்த்தவருக்கு ஒரு கும்பிடு. ‘ஃபோர்த் எஸ்டேட்’ கதை வேறு. எஸ்டேட் என்றால் அங்கே சமூகப் பிரிவு. பிரிட்டனில் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று, பத்திரிகை நான்காவது. நாம் அதை ‘நான்காவது தூண்’ ஆக்கி, சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் ஆகியவற்றோடு வரிசையில் நிறுத்திவிட்டோம். தப்புதான், ஆனால் தூண் நன்றாகவே நிற்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:

உதவி ஆசிரியர் ஐயா, அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துக்கு வந்திருந்தால் தப்பியிருப்பார். ‘பதினோராம் மணி வேளை’ மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் பொழுது சாயும் நேரத்தில் போய் ஆள் பிடித்து, அவர்களுக்கும் நாள் முழுவதும் உழைத்தவர்களின் கூலியையே கொடுக்கிறார். மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவதால் அது மாலை ஐந்து மணி. சிறுவயதில் எனக்கும் அது இரவு பதினொன்றுதான். இருட்டில் எந்தத் தோட்டத்தில் வேலை என்று பாட்டியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஓய்வுபெற்றவர், திருச்சி:

மெல்போர்னில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, அவர்கள் வெளியூர் போகும் முன் மருமகன் ஒரு குறிப்பு எழுதி ஒட்டிவிட்டுப் போனார். ரோஜாத் தொட்டிகளுக்கு ‘எவ்ரி செகண்ட் டே’ தண்ணீர். இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஊர் ஜனவரி வெயில் நம் சித்திரை மாதிரி. ஐந்து தொட்டியில் மூன்று போய்விட்டது. அவர்கள் சொன்னது ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாம் விட்ட நாளை எண்ணுகிறோம், அவர்கள் ஊற்றும் நாளை எண்ணுகிறார்கள். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. மகள் சொன்னாள்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்:

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘சிக்ஸ்த் சென்ஸ்’ வந்தது. "என் பாட்டிக்கு ஆறாம் அறிவு உண்டு" என்று ஒரு மாணவி எழுதினாள். "மற்றவர்களின் பாட்டிகளுக்கு?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன். தொல்காப்பியக் கணக்கில் ஆறாவது அறிவு மனம். மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் உண்டு. ஆங்கிலக்காரர்கள் ஐந்து புலன்களோடு நிறுத்திக்கொள்வதால் ஆறாவது அவர்களுக்கு அதிசயம். ‘உள்ளுணர்வு’ என்று திருத்திக் கொடுத்தேன்.

‘எத்தனையாவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் உண்டா என்று யாரும் கேட்கத் தொடங்கவேண்டாம். முப்பது வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டுவிட்டேன்.

செவிலியர், மதுரை:

லீட்ஸ் தம்பி, அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது இருக்குமே. முறைப்பெண் விஷயத்தை அப்புறமாவது சொன்னீர்களா?

தொடங்கியவர், லீட்ஸ்:

இல்லை அக்கா. போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது ‘அத்தை’ என்றால் என்ன என்று தோழியே கேட்டார். அப்பாவின் தங்கை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.