புதுப்பிப்பு: ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட தாத்தாவின் படங்கள் கழன்று வந்துவிட்டன

தாத்தாவின் நினைவு மலருக்காகப் பழைய ஆல்பத்திலிருந்து படங்களை எடுக்க வேண்டும், எல்லாம் பசைப் பக்கத்தோடு ஒட்டிக்கிடக்கின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஹேர் டிரையர். ஒரு படத்தின் ஓரம் சுருண்டதும் பயந்துபோய் விட்டுவிட்டேன். பலித்தது டென்டல் ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) யோசனைதான். மெழுகு பூசாத நூலை மூலையில் நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் போதும். 41 படங்களில் 38 தேறின. மசியாத மூன்றையும் பிய்க்காமல், பக்கத்தோடு சேர்த்து 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்தேன்.

எதிர்பாராதது பின்பக்கத்தில் இருந்தது. படத்தில் இருக்கும் விருந்தாளி யார், எத்தனை நாள் தங்கினார் என்று தாத்தா பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். ஒன்றில் மட்டும், "பெயர் கேட்க மறந்துவிட்டேன். 11 நாள்." 94 வயது வரை பகலில் வாசல் கதவைச் சாத்தவிடாத மனுஷன், வேறென்ன எழுதுவார்!

அப்புறம் ஒன்று: பசையைத் துடைக்கிறேன் என்று பின்பக்கத்தைத் தேய்க்காதீர்கள், பென்சில் எழுத்து போய்விடும். எனக்கு இரண்டு பெயர்கள் அப்படித்தான் போயின.