இழை: பந்தை ஒட்டவைக்கும் உருளைக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். ரோபோகப் கால்பந்தின் சிறிய ரோபோ பிரிவு விதிநூலைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ரோபோவின் முகப்பில் ரப்பர் உறையிட்ட உருளை ஒன்று கிடையாகச் சுழலும். அது பந்தைப் பின்னோக்கிச் சுழற்றுவதால், பந்து விலகாமல் ஒட்டிக்கொண்டே வரும். டிரிப்ளர் என்பார்கள், அதன் வேலை டிரிப்ளிங். பழைய தமிழ் வரைவில் 'பந்துகடத்தி', 'கடத்தல்' என்று இருக்கிறது. எனக்கு உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும்.

பொறியாளர் எழுதியது:
கடத்தல் வேண்டவே வேண்டாம். கடத்தி என்றால் எங்களுக்குச் செம்புக்கம்பி. போதாக்குறைக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் அது தன் இருப்பிடம் தெரியாமல் திணறுமே, அதற்கே 'கடத்தப்பட்ட ரோபோ' சிக்கல் என்றுதான் பெயர். பேசாமல் 'உருட்டி' என்று வையுங்கள்.

ஆசிரியை எழுதியது:
உருட்டியா! 'ரோபோ ஒரு மீட்டருக்கு மேல் உருட்டக்கூடாது' என்று வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரித்து முடிக்கவே மணி அடித்துவிடும். உருட்டு என்பதற்கு இன்று என்ன பொருள் என்று அவர்களைக் கேளுங்கள். கோல், பெனால்டி எல்லாம் அப்படியே இருக்க, டிரிப்ளர் மட்டும் என்ன பாவம் செய்தது?

புலவர் ஐயா எழுதியது:
அம்மையீர், இப்படியே போனால் வினைச்சொல் மட்டுமே தமிழில் மிஞ்சும். 'பந்துபற்றி' எனலாம். மரங்கொத்தியில் இகர விகுதி வினைமுதலைக் குறிக்கும், மண்வெட்டியில் கருவியைக் குறிக்கும். இது இரண்டாவது வகை. 'பந்துப்பற்றி' என்று ஒற்றிட்டுவிடாதீர்கள். இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது. இன்னொன்று: சிலம்பின் வாழ்த்துக் காதையில் கந்துக வரி வருகிறது. கந்துகம் வடசொல், பந்தோ நம் சொல். துணியைச் சுருட்டிப் பந்தமாகக் கட்டியதால் பந்து என்பது என் துணிபு.

பொறியாளர் எழுதியது:
ஐயா, கட்டு என்ற பொருளில் வரும் பந்தமே வடசொல் என்று வேறோர் இழையில் நீங்கள்தானே அடித்துச் சொன்னீர்கள்? அது கிடக்கட்டும். 'பந்துபற்றி விதிகள்' என்று தலைப்பிட்டால் யார் என்ன நினைப்பார்கள்? ஆரஞ்சு நிறக் கோல்ஃப் பந்தின் அளவு, எடை சொல்லும் பகுதி என்றுதானே?

புலவர் ஐயா எழுதியது:
இடம் நோக்கிப் பொருள் கொள்வது படிப்பவர் கடமை.

பொறியாளர் எழுதியது:
நடுவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
சரி, சண்டைக்கு நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் விதியை மறுபடி படித்தேன். பந்தைத் தொட்ட இடத்திலிருந்து அளவு தொடங்குகிறது. பந்துக்கும் ரோபோவுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி விழுந்தால் முடிகிறது. மனித ஆட்டக்காரர் பந்தைச் சற்று முன்னே தட்டிவிட்டு ஓடுகிறாரே, அதுபோல் அவ்வப்போது விட்டுவிட்டுப் பிடித்தால் மைதானம் முழுக்கப் போகலாம், தவறில்லை. அதாவது, கால்பந்து பார்ப்பவர்கள் டிரிப்ளிங் என்று நினைப்பது இங்கே அனுமதிக்கப்பட்டது. விடாமல் ஒட்டிக்கொண்டு போவதற்குத்தான் வரம்பு. உருட்டல், தட்டியோடல், டிரிப்ளிங் எதைப் போட்டாலும் விதி தலைகீழாகப் புரியும். ஆங்கிலச் சொல்லை மறந்துவிட்டு, 'ஒட்டியோட்டம்' என்று செயலுக்கும் 'பந்துருளை' என்று கருவிக்கும் வைத்தால் என்ன?

ஆசிரியை எழுதியது:
ஒட்டியோட்டம் நன்றாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு விதியை விளக்கவே வேண்டாம், பெயரே சொல்லிவிடுகிறது. பந்துருளைதான் உருளைக்கிழங்கை நினைவூட்டுகிறது. அடைப்புக்குள் டிரிப்ளர் என்றும் போடுங்கள், உதிரிபாகம் வாங்கப் போகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

புலவர் ஐயா எழுதியது:
பந்துருளை என்பது பந்தைப் பிடிக்கும் உருளையா, பந்து போன்ற உருளையா? தொகையை விரித்துக் காட்டுங்கள்.

பொறியாளர் எழுதியது:
எனக்கு இரண்டும் சம்மதம். ஐயாவின் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் அடுத்த பதிப்பே வந்துவிடும். மேலிருந்து பார்க்கும்போது பந்தின் 80 விழுக்காடு ரோபோவுக்கு வெளியே இருக்கவேண்டும் என்ற விதியிலும் உருளை வருகிறதா, பாருங்கள். அங்கே வெறும் 'உருளை' என்றால் போதும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அந்த விதியில் கருவியின் பெயரே வரவில்லை, தப்பித்தேன். பந்துருளை, ஒட்டியோட்டம் இரண்டையும் கோப்பில் ஏற்றிவிட்டேன். மூவர் சரி என்கிறோம், ஐயா மட்டும் இல்லை.

புலவர் ஐயா எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்க. நான் பந்துபற்றி என்றே எழுதுவேன். தவிர, ரோபோ என்ற சொல்லை நூல் முழுக்க அப்படியே விட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறதே?

பொறியாளர் எழுதியது:
ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.