ஆக்சிசனேற்ற அழுத்தமா, நெருக்கீடா?

வணக்கம்.

தண்டுவடக் காயத்தில் செலுத்தும், நரம்பிழைகளைப் போர்த்திக் காக்கும் சுவான் செல்களைப் பற்றிய உங்கள் வரைவில் oxidative stress என்பதை 'ஆக்சிசனேற்ற அழுத்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பரவலாகப் புழங்கும் சொல்தான், ஆனால் இந்த வரைவில் இடறுகிறது. இரண்டாம் பத்தியைப் பாருங்கள்: "காயத்தில் ஆக்சிசன் அழுத்தம் குறைகிறது, ஆக்சிசனேற்ற அழுத்தம் கூடுகிறது." முதல் அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரசத்தில் அளக்கிறோம். இரண்டாவதற்கு அலகே கிடையாது. ஆக்சிசன் குறைந்தால் ஆக்சிசனேற்றமும் குறையத்தானே வேண்டும் என்று மாணவர் கேட்பார். கேட்பது நியாயம், குழப்பம் நம் சொல்லில் இருக்கிறது.

நடப்பதோ வேறு. குருதிக்குழாய் அறுந்து ஆக்சிசன் வரத்துக் குறைகிறது. கசிந்த சிவப்பணுக்கள் உடைந்து இரும்பு வெளியாகிறது. திரண்டு வரும் நோயெதிர்ப்புச் செல்களான நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும் ஆக்சிசனின் வீரிய வடிவமான சூப்பராக்சைடைக் கக்குகின்றன. அது ஐதரசன் பெராக்சைடாகிறது, இரும்போடு சேர்ந்தால் ஐதராக்சில் தனி உறுப்பாகிறது (free radical). நைட்ரிக் ஆக்சைடோடு சேரும் சூப்பராக்சைடு பெராக்சிநைட்ரைட்டாகிறது. செல்சவ்வின் கொழுப்புகள் சிதைகின்றன. செலுத்திய செல்களில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே மடிந்துபோகிறது.

stress என்பதற்குத் 'தகைவு' பாடநூலில் இருக்கிறதே என்பீர்கள். இயற்பியலில் அதுவும் பாஸ்கலில் அளப்பதுதான். ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவோம். ஹெல்முட் சீஸ் 1985-இல் வரையறுத்தது ஆக்சிசனேற்றும் பொருள்களுக்கும் அவற்றைத் தடுப்பவற்றுக்கும் இடையிலான சமன் முன்னதன் பக்கம் சாய்வதை. அதற்குச் 'சமன்குலைவு' பொருந்தும். ஆனால் 'செல்லுக்கு மிதமான சமன்குலைவு கொடுத்துப் பழக்கினோம்' என்று எழுத வராது. இலங்கைத் தமிழில் உளநலத் துறையில் 'உளநெருக்கீடு' புழக்கத்தில் உள்ளது. அங்கிருந்து எடுத்து 'ஆக்சிசனேற்ற நெருக்கீடு' என்போம். நெருக்கீட்டுக்கு உள்ளான செல், நெருக்கீடு தாங்கும் செல், மித நெருக்கீடு: மூன்றும் வளைந்து கொடுக்கின்றன.

வணக்கம். இதே வரைவைப் படித்த இன்னொருவரின் குறிப்பு இது. நெருக்கீட்டை ஏற்கிறேன், இலங்கை வழக்கில் ஒட்சிசன் என்று எழுதுவோருக்கு 'ஒட்சியேற்ற நெருக்கீடு' என்றும் நிற்கும். ஆனால் எனக்குப் பெரிய சிக்கல் எதிர்ப்பக்கச் சொல்லில்தான். 'ஆக்சிசனேற்றத் தடுப்பி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகளை அடைக்கிறோம். பெராக்சைடோடு தானே வினைபுரிந்து அழிப்பது ஒன்று. அதைத் 'துடைப்பி' எனலாம். காப்பு மரபணுக்களை முடுக்கும் என்ஆர்எஃப்2 (Nrf2) புரதத்தை விடுவித்து, செல்லின் சொந்தத் தடுப்புப் பொருளான குளூட்டாத்தயோனை ஆக்கும் நொதிகளைச் செல்லே பெருக்கும்படி செய்வது இன்னொன்று. அது 'காப்புத் தூண்டி'. தூண்டிக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும், துடைப்பிக்கு வேண்டாம். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: குளூட்டாத்தயோனுக்கு மூலப்பொருளாகவும் போகும், நேரடியாகவும் வினைபுரியும்.

இந்தப் பிரிவு இல்லாததால்தான் செய்முறைப் பகுதியில் பிழை நுழைந்திருக்கிறது. 1 மில்லிமோலார் அசிட்டைல்சிஸ்டீனையும் 300 மைக்ரோமோலார் பெராக்சைடையும் ஒன்றாக ஊற்றச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் இரண்டும் தட்டிலேயே வினைபுரியும். செல்லைக் காத்தது எது என்று சொல்ல முடியாது. முதல் நாள் இரவு மருந்து, மறுநாள் இரண்டு முறை கழுவல், பிறகே பெராக்சைடு. அசிட்டைல்சிஸ்டீன் கரைசல் அமிலம், அதை pH அளவில் 7.4-க்குக் கொண்டுவராமல் ஊற்றினால் அமிலமே செல்லைப் பாதிக்கலாம்.

செல் வளர்க்கும் ஊடகத்தையும் பாருங்கள். பலவற்றில் செல்லுக்கு உணவாக 1 மில்லிமோலார் பைருவேட்டு இருக்கும். அது பெராக்சைடோடு ஒன்றுக்கு ஒன்றாக வினைபுரிவதால் உங்கள் 300 மைக்ரோமோலாரை முழுதாக விழுங்கிவிடும். பைருவேட்டும் சீரமும் இல்லாத ஊடகம் வேண்டும். குழிக்கு எத்தனை செல் என்பதும் கட்டாயம் எழுத வேண்டும். அடர்த்தி கூடினால் செல்களே பெராக்சைடைத் தின்று தீர்க்கும், அதே செறிவு பாதிப்பே இல்லாததாகத் தெரியும்.

உயிர்ப்பைக் கணிக்க, உயிருள்ள செல் ஒரு சாயத்தை நிறம் மாற்றுவதை அளக்கும் எம்.டி.டி. சோதனை மட்டும் போதாது. கழுவாமல் விட்ட துடைப்பி அந்தச் சாயத்தைத் தானே ஒடுக்கி நிறம் தரும். செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் ஏறும். சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் புகும் சாயத்தால் எண்ணியதையும் பக்கத்தில் வையுங்கள்.

செல்லுக்கு மித நெருக்கீடு கொடுத்துப் பழக்குவதை 'முன்பதப்படுத்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை 'முன்பழக்கம்' என்று மாற்றலாமா? பதப்படுத்தல் இறந்த பொருளுக்குச் சொல்வது. இங்கே செல் உயிரோடு பழகுகிறது.